‘தொலைபேசி ஒலித்தது’ - எப்பிடிண்ணே ஒலிச்சது?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. டீ குடிச்சிட்டு வந்து உட்காருங்க.

போன மாசம் சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் வைத்து என் சிறுகதை ஒன்று வெட்டுப்பட்டது. வெட்டியவர் எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட அண்ணன். ஒரு சிற்றிதழுக்குக் கதை பார்த்துக் கொடுக்கிறவர், நாலு புத்தகம் போட்டவர். பேர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார். பிரிண்ட் அவுட்டைக் கையில் கொடுத்தார். பதினோரு இடத்தில் சிவப்பு மை. முதல் வெட்டு கதையோட முதல் வரியிலேயே. ‘ட்ரிங்... ட்ரிங்...’ என்று நான் ஆரம்பித்திருந்ததை அடித்துவிட்டு, மேலே குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘தொலைபேசி ஒலித்தது.’

“தம்பி, இந்த டமால் டுமீல் எல்லாம் காமிக்ஸ் புத்தகத்தோட போகட்டும். பேச்சு வராத குழந்தைதான் சத்தம் போட்டுக் காட்டும். எழுத்தாளன் வார்த்தையால எழுதணும்.”

“தொலைபேசி ஒலித்ததுன்னா, எப்பிடிண்ணே ஒலிச்சது?”

“அதை வாசகன் கற்பனை பண்ணிக்கிருவான்.”

வாயை மூடிக்கொண்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போதுதான் பதில் எல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எப்பவும் அப்பிடித்தான். அதான் இந்தப் பதிவு.

அண்ணன் அதே இதழில் எழுதிய தலையங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ரெண்டே பக்கம். அதில் ‘பரபரப்பு’ மூன்று முறை, ‘சலசலப்பு’ ஒன்று, ‘முணுமுணுப்பு’ ஒன்று, ‘விறுவிறுப்பு’ ஒன்று. ஆறும் யாரோட பிள்ளைங்க? முணுமுணு, சலசல எல்லாம் பச்சையான ஒலிக்குறிப்பு. பின்னாடி ஒரு ‘ப்பு’ ஒட்டினதும் கோட்டு சூட்டு போட்ட மாதிரி மரியாதை வந்துருச்சா? இந்த ஒரு வகைச் சொல்லைத் தடை செஞ்சா தமிழ்நாட்டுப் பத்திரிகை ஒண்ணுகூட மறுநாள் காலையில் வெளிவராது. ‘பரபரப்பு’ இல்லாம எப்பிடித் தலைப்பு வைப்பாய்ங்க?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், சத்தமே இல்லாததுக்கும் நம்ம ஆள் இந்த அச்சில்தான் சொல் வார்த்திருக்கிறான். வெளிச்சத்துக்குப் பளபள, மினுமினு. வாசனைக்குக் கமகம. தொடுகைக்கு வழவழ, சொரசொர. வலிக்கு விண்விண், சுருக் சுருக், திகுதிகு. பளபளப்புக்கு ஏதுங்க சத்தம்? ஆனா நமக்குக் கேக்குது. தொல்காப்பியர் இரட்டைக்கிளவியைச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே வைத்துவிட்டார். பிரித்தால் பொருள் தராது, ரெண்டாகத்தான் வரும் என்று விதியும் சொல்லிவிட்டார். குழந்தை மழலைக்கு அவர் ஏன் இலக்கணம் எழுதப் போறார்?

அப்புறம் இந்த ‘என்று’. சலசலவென்று ஓடியது, படாரென்று சாத்தினான், சட்டென்று எழுந்தாள். பேச்சில் ‘டக்குனு’. என் என்றால் சொல். அதாவது தண்ணி ‘சலசல’ன்னு சொல்லிக்கிட்டே ஓடுது, கதவு ‘படார்’னு சொல்லிச் சாத்திக்கிருது. மனுசன் பேச்சை மேற்கோள் காட்ட எந்தச் சொல்லோ, தண்ணியையும் கதவையும் மேற்கோள் காட்ட அதே சொல். எமனோ என்ற மொழியியல் அறிஞர் 1969ல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றியே தனியாக ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார். திராவிட மொழிகளும் வடக்கத்தி மொழிகளும் குடும்பம் வேறாக இருந்தும் இந்தப் பழக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது அதில் விஷயம். வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்து எண்ணி எழுதின சொத்தை, உள்ளூர்க்காரர் சிவப்பு மையால் அடிக்கிறார்.

சரி, மதுரைக்கே வருவோம். நம்ம ஊரை எரிச்ச கதைக்குப் பேரு என்ன? சிலப்பதிகாரம். சிலம்புதல் என்றால் ஒலித்தல். ஒலிக்கிறதால அது சிலம்பு. நகைக்கே சத்தத்தை வைத்துத்தான் பேரு. ராணி சிலம்புக்குள் முத்து, கண்ணகி சிலம்புக்குள் மாணிக்கம். உடைச்சுப் பார்த்துத்தான் பாண்டியனுக்குத் தெரிந்தது. முத்து உரசுற சத்தமும் மாணிக்கம் உரசுற சத்தமும் ஒண்ணாவா இருக்கும்? உடைக்கிறதுக்கு முன்னாடி, கோவலன் தலை போறதுக்கும் முன்னாடி, ரெண்டையும் ஒரு தடவை காதுகிட்ட ஆட்டிப் பார்த்திருக்கலாம். இது இளங்கோவடிகள் சொன்னதில்லை, நான் சொல்றது. அடிக்க வர்றவங்க என்னைத்தான் அடிக்கணும்.

குழந்தை காலில் கட்டுகிற கிண்கிணி, கையில் ஆட்டுகிற கிலுகிலுப்பை எல்லாம் பேரே சத்தம்தான். ஒரு மனுசன் கையிலிருக்கிற சின்ன உடுக்கைக்குக் குடுகுடுப்பை என்று பேர் வைத்து, அந்த மனுசனுக்கே குடுகுடுப்பைக்காரர் என்று பேர் வைத்த மொழி இது.

இனிமே போனுக்கு வர்றேன். அண்ணன் அடிச்ச ‘ட்ரிங் ட்ரிங்’ எங்கேருந்து வந்ததுன்னு யோசிச்சுப் பார்த்திருக்கீங்களா?

1876ல் கிரகாம் பெல் போனைக் கண்டுபிடித்தபோது அதில் மணியே கிடையாது. பேரு பெல், ஆனா பெல் இல்லை. கூப்பிடணும்னா குழாயில் கத்தணும், இல்லேன்னா தட்டணும். அவரோட உதவியாளர் வாட்சன்தான் ரெண்டு வருசம் கழித்து மணிக்கு வழி பண்ணினார். அப்புறம் நூறு வருசம் உலகம் பூரா அதே அமைப்புதான். பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்து நம்ம வீடுகளுக்கு வந்த கறுப்புப் போன்லயும் அதான். உள்ளே ரெண்டு உலோகக் கிண்ணம், நடுவில் ஒரு குட்டிச் சுத்தியல். எக்சேஞ்சில் இருந்து மாறுமின்சாரம் வரும்போது சுத்தியல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நொடிக்குள்ளேயே பல தடவை போய் அடிக்கும். இப்ப சொல்லைப் பாருங்க. ‘ட்’ - அது சுத்தியல் படுற இடம். ‘ர்ர்ர்’ - அது விடாம மாறி மாறி அடிக்கிறது. ‘ங்’ - அடி நின்ன பிறகும் கிண்ணத்தில் தொங்கிக்கிட்டு இருக்கிற ரீங்காரம். மூணு எழுத்தில் ஒரு இயந்திரத்தோட வரைபடமே இருக்கு. ‘ஒலித்தது’ என்ற சொல்லில் இதில் ஏதாவது ஒண்ணு இருக்காண்ணே?

அதுக்கும் மேல ஒண்ணு. ஏன் ரெண்டு ட்ரிங்? பழக்கதோஷம்னு நினைச்சிருந்தேன். இல்லை. இந்தியாவில் மணி அடிக்கிற கணக்கு பிரிட்டன் பழக்கம். 0.4 நொடி அடி, 0.2 நொடி நிறுத்து, மறுபடி 0.4 நொடி அடி, அப்புறம் 2 நொடி சும்மா இரு. ஜோடி ஜோடியாக அடிக்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை, 2 நொடி நீளமாக ஒரே அடி, 4 நொடி ஓய்வு. ஹாலிவுட் படத்தில் போன் அடிப்பதைக் கவனித்தால் தெரியும். நம்ம ஊரில் முதன்முதலாக ‘ட்ரிங் ட்ரிங்’ என்று எழுதின அந்த முகம் தெரியாத ஆள் யாரோ, இங்கிலீஷ்காரன் சொல்லைக் கடன் வாங்கினானோ என்னவோ, காதைத் திறந்து வைத்திருந்தான். எக்சேஞ்சே இரட்டைக்கிளவியில் பேசியது, அவன் அப்படியே எழுதினான்.

தனித்தமிழ் நண்பர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள் என்று தெரியும். டகர மெய் மொழிமுதலில் வராது, அதோடு ‘ர’வும் சேர்ந்து நிற்பது கொடுமை என்று. விதி சரி. டமாரத்துக்கும் டவுன்ஹால் ரோட்டுக்கும் என்ன செஞ்சீங்களோ அதையே இதுக்கும் செய்யுங்க. இல்லேன்னா கணகண, கிணிகிணி, கணீர்னு விதிக்கு உட்பட்டதாகவே நம்மகிட்ட நிறைய கெடக்கு. அதையாவது எடுத்து எழுதுங்க. வேண்டாங்கல. ஆனா நீங்க எழுதறது ‘அழைப்பொலி எழுந்தது’. எழுந்து எங்கே போச்சு?

காமிக்ஸ் என்று அண்ணன் சொன்னது எனக்கு ரொம்பச் சுருக்குன்னு பட்டது. 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்தது. 1984ல் அதே சிவகாசியில் லயன் காமிக்ஸ். மதுரையைச் சுத்தின எங்க வயசுப் பயலுகளுக்குக் காது கொடுத்தது அந்தப் புத்தகங்கள்தான். வெளிநாட்டுத் துப்பாக்கி வெடிச்சதுக்குத் தமிழில் ‘டுமீல்’. யோசிச்சுப் பாருங்க, வெடி ‘டு’வில் கிளம்பி, குண்டு ‘மீஈஈ’ன்னு காத்தைக் கிழிச்சிட்டுப் போய், ‘ல்’லில் எங்கேயோ சேருது. இதை ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டிருக்கணும். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினவரால் முடியுமா?

இதுவரைக்கும் நான் ஜெயிச்ச மாதிரி இருக்கா? இப்ப என் தப்புக்கு வர்றேன்.

என் கதை நடப்பது 2019ல். நாயகன் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். சட்டைப் பையில் இருப்பது செல்போன். அதுக்கு நான் எழுதினது ‘ட்ரிங் ட்ரிங்’. கிண்ணமும் இல்லை, சுத்தியலும் இல்லை, ட்ரிங் மட்டும் எங்கேருந்து வந்தது? என் காதிலிருந்து வரலை, பழைய கதைகளிலிருந்து வந்தது. அண்ணன் அடிச்சது சரியான வரியைத்தான், காரணம்தான் தப்பு. ‘இது பொய்ச் சத்தம்டா’ என்று அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். ‘சத்தமே வேண்டாம்’ என்று அடித்தார். அதான் சண்டை.

நாம் எல்லோரும் இந்த விஷயத்தில் சோம்பேறிகள்தான். பதிவர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். ட்ரிங் எழுதக் கூச்சப்பட்டவர்கள் என்ன எழுதுகிறார்கள்? ‘செல்போன் சிணுங்கியது.’ எத்தனை கதையில், எத்தனை தொடர்கதையில்! காதலி கூப்பிட்டாலும் சிணுங்குது, கடன்காரன் கூப்பிட்டாலும் சிணுங்குது, ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி மூணு மணிக்கு வந்தாலும் சிணுங்குது. அவசரம்னா மட்டும் ‘அலறியது’. சிணுங்கலுக்கும் அலறலுக்கும் நடுவில் போனுக்கு வேற தொண்டையே கிடையாதா? ஜப்பான்காரனைப் பாருங்க. மணி வைத்த பழைய போனுக்கு அவன் எழுதினது ‘ஜிரிரிரி’. எலெக்ட்ரானிக் போன் வந்ததும் ‘புருருரு’ன்னு மாத்திக்கிட்டான். அவன் காமிக்ஸ்ல எந்தக் காலத்துப் போன்னு சத்தத்தை வைத்தே சொல்லிரலாம். நாம் 1994ல் நோக்கியா வந்து அந்த ட்யூன் உலகம் பூரா அடிச்சப்பவும் ட்ரிங். அது 1902ல் தாரெகா என்கிற ஸ்பெயின்காரர் கிதாருக்கு எழுதின வால்ட்ஸ் இசையிலிருந்து உருவினது. அதே கம்பெனி போனில் மெசேஜ் வந்தால் மூணு குட்டை, ரெண்டு நெட்டை, மூணு குட்டையாக ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? மோர்ஸ் தந்தி முறையில் எஸ்.எம்.எஸ். என்ற மூணு எழுத்துதான் அது. பத்து வருசம் பாக்கெட்டுக்குள்ளேயே தந்தி அடிச்சிருக்கு, அதை ஒரு சொல்லில் பிடிச்ச ஒரு கதையை நான் படிச்சதில்லை. நானும் எழுதலை.

சத்தியமா என்னதான் கேக்குதுன்னு பார்த்துருவோம் என்று ஒரு ஞாயித்துக்கிழமை போய் நின்ற இடம் மீனாட்சி அம்மன் கோயில் வாசல். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, அதுக்கப்புறம் கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில் எல்லாத்துக்கும் சேர்த்து. அதனால் எல்லாரும் போனை வெளியே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். உள்ளே மணி, நாயனம், தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்கிற வடக்காடி வீதி இசைத்தூண்கள். வெளியே வரிசை வரிசையாகப் போன்கள், எடுக்க ஆள் இல்லாமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன.

அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தாள். நான் அரை மணி நேரம் கவுண்டர் பக்கத்தில் நின்று கேட்டேன். வைப்ரேஷனில் இருந்த ஒன்று டுர்ர்ர்... டுர்ர்ர் என்று பக்கத்துப் போனை இடித்து இடித்து நகர்ந்தது. பக்கத்துப் போன் அதுக்கு ணெக் ணெக் என்று பதில் சொன்னது. மெசேஜ் சத்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம்: ட்டிங், டொய்ங், ப்ளக் என்று தண்ணியில் சின்னக் கல் போட்ட மாதிரி ஒன்று. ஒரு குருவி விடாமல் கீச்சுக் கீச்சு. சினிமாப் பாட்டு நாலைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒன்றுமே புரியாமல் ஙொஞ ஙொஞ. ஒரு குழந்தை குரல் ‘அப்பா, போனை எடுங்க’ என்று ஏழெட்டுத் தடவை கூப்பிட்டு ஓய்ந்தது. இதுக்கெல்லாம் நடுவில், சத்தியமாக, ட்ரிங் ட்ரிங்! ஏதோ ஒரு புதுப் போனில் பழைய போன் மணியை ரிங்டோனாக வைத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த அக்கா தலையைத் திருப்பினார். “எந்தச் சத்தத்துக்கும் திரும்ப மாட்டேங்க, பழகிருச்சு. இந்தச் சனியன் அடிச்சா மட்டும் எங்க வீட்டுப் போனுதான்னு நெனச்சிர்றேன்” என்றார்.

அம்மா வெளியே வந்தார். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இந்தப் பதிவு உண்மையில் அதைப் பற்றித்தான். இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சுட்டேன்.

அம்மா வாடிப்பட்டிப் பக்கம் எங்க ஊரில் தனியாக இருக்கிறார். நாலைந்து வருசமாகப் போன் போட்டால் எடுக்க மாட்டார். பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவை எடுப்பார். நான் கத்துவேன். “போனை எங்கம்மா வெச்சுட்டுத் திரியிறீங்க?” மடியிலதான் இருக்கும். 2020ல் கொரோனா நேரம், ஞாபகம் இருக்கும், யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு இருமல் கேட்குமே, லொக் லொக் என்று, அப்புறம் அறிவிப்பு. அம்மா எனக்குப் போன் போட்டவர் அந்த இருமலைக் கேட்டுவிட்டு, எனக்குத்தான் வந்துவிட்டது என்று நினைத்து மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்துவிட்டார். அந்த இருமல் கேட்டது, ஏன்னா காதில் வைத்திருந்தார். என் போன் வந்தால் மட்டும் கேட்காது.

ஒரு தடவை நான் கோபத்தில் கத்தினதுக்கு அம்மா சொன்னார்: “பழைய போனு கணகணன்னு அடிக்கும்ப்பா. கொல்லையில பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தாலும் கேட்டுரும். இது என்னமோ கீச்சுங்குது, கீச்சுங்குதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. நீங்க பேசறதும் கணகணன்னு இல்ல, கொழகொழன்னு இருக்கு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கணகணவாம், கொழகொழவாம். வயசான காலத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன். சிவப்பு மை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணன் பண்ணினதை அண்ணனுக்கு முன்னாடியே நான் பண்ணிவிட்டேன்.

ரெண்டு வருசம் கழித்து, அம்மாவுக்குக் காதுக்குள் எந்நேரமும் சத்தம் என்று மதுரையில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். முதலில் விவரம் எழுதின சின்னப் பையன் கேட்டான், “என்ன மாதிரி சத்தம்மா?” அம்மா சொன்னார், “மேல ஙொய்ங்ங்னு ஒண்ணு, அதுக்கு அடியில குமுகுமுன்னு ஒண்ணு.” பையன் ‘சத்தம் இருக்கிறது’ என்று மட்டும் எழுதினான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ‘தொலைபேசி ஒலித்தது’ மாதிரியே இல்லே? உள்ளே இருந்த பெரிய டாக்டர் அப்படி இல்லை. “ஙொய்ங்னா வண்டு பறக்குற மாதிரியாம்மா, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி வருமே அந்த மாதிரியா?” என்று கேட்டார். “வண்டு இல்லைங்கய்யா, ட்யூப் லைட்டு எரியிறப்ப வருமே...” என்று அம்மா உற்சாகமாகி விளக்க ஆரம்பித்துவிட்டார். என் அம்மா சொன்ன ஒரு சொல்லை ஒரு ஆள் அவ்வளவு மதித்து நான் பார்த்ததில்லை.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு சுருதியாகக் கேட்க வைத்துப் படம் வரைந்தார்கள். இடது பக்கம் ஓரளவு நேராகப் போன கோடு, வலது பக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயசானால் கீச்சான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். சன்னமான ரிங்டோன் அதோடு போய்விடும். பேச்சிலும் அப்படித்தான். உயிரெழுத்து தடிமனாகக் கேட்கும், ச, த, ப மாதிரி மெய்கள் உதிர்ந்துவிடும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று புரியாது. டாக்டர் இதைப் பத்து நிமிசம் சொன்னார். கணகணன்னு இல்லை, கொழகொழன்னு இருக்கு. அம்மா இதையே ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நாலு சொல்லில் சொல்லியிருந்தார். அன்னைக்கே கேட்டிருந்தால் அன்னைக்கே மெஷின் வைத்திருக்கலாம். அந்த ரெண்டு வருசம் அவர் பேரப்பிள்ளைகள் பேசுவதற்கெல்லாம் சும்மா சிரித்துத் தலையாட்டிக்கொண்டு இருந்தார் என்று இப்பத்தான் புரிகிறது.

இதுக்கப்புறமும் ஒலிக்குறிப்பு குழந்தைத்தனம்னு சொன்னா எனக்குக் கோபம் வருமா வராதா? காய்கறி வாங்கப் போற மாதிரி எல்லா இடத்திலும் ஜனங்க இதை வைத்துத்தான் பிழைக்கிறாய்ங்க. வண்டி மெக்கானிக்கிட்ட ‘சத்தம் வருது’ன்னு சொல்லிப் பாருங்க, கடகடவா, கீச் கீச்சா, டொக் டொக்கான்னு கேக்காம அவர் ஸ்பேனரைத் தொடமாட்டார். மானாமதுரையில் பானை வாங்குற பொம்பளைக விரலை மடக்கித் தட்டுவாங்க. ணங்குனு சொன்னா வீட்டுக்குப் போகும், பொத்துனு சொன்னா கீறல், அங்கேயே நிக்கும். அதே ஊரில்தான் கச்சேரிக் கடமும் செய்யறாய்ங்க. அந்தக் கடம் கனமா இருக்கும், நாதமும் உலோகம் மாதிரி இருக்கும்னு வித்வான்கள் தேடி வாங்குறாங்க. 2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடே கொடுத்தாச்சு. கோரிப்பாளையம் பக்கம் ராத்திரி கொத்துப் பரோட்டா போடுற மாஸ்டர் கல்லைப் பார்த்தா கொத்துறாரு? எங்கேயோ பார்த்துக்கிட்டு யார்கூடவோ பேசிக்கிட்டு இருப்பார். டங்குடக்கு டங்குடக்கு என்று வருகிற சத்தம் ஒரு கட்டத்தில் சதக் சதக் என்று மாறும். உடனே முட்டையை உடைப்பார். வாடிக்கையாளர் ‘பரோட்டா கொத்தப்பட்டது’ன்னு கேட்டா வாங்குறான்?

நம்ம ஜில்லாவில் ஒரு கதை சொல்வாங்க. திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூஜை முடிஞ்ச பிறகுதான் சாப்பிடுவாராம். அங்கே பூஜை மணி அடிச்சதும் வழியில் இருக்கிற மண்டபத்து மணியை அடுத்த ஆள் அடிக்க, அதைக் கேட்டு அதுக்கடுத்த மண்டபம் அடிக்க, சுமார் 75 கிலோமீட்டர் தாண்டி மதுரை அரண்மனைக்கு டாண் டாண் என்று வந்து சேருமாம். கதையோ நிஜமோ, மனுசன் குரலே போகாமல் சத்தம் மட்டும் போய்ச் செய்தி சொன்ன நெட்வொர்க். நடுவில் ஒரு மண்டபத்தில் அண்ணன் மாதிரி ஒரு ஆள் இருந்து ‘மணி ஒலித்தது’ என்று ஓலையில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தால் ராஜா பட்டினிதான்.

கதையைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். அண்ணன் அடித்த பதினொன்றில் நாலை நானே எடுத்துவிட்டேன், அதெல்லாம் உண்மையிலேயே சோம்பேறிச் சத்தம். ஏழைத் திரும்ப வைத்துவிட்டேன். முதல் வரியில் இப்போது ட்ரிங் இல்லை. மாட்டுத்தாவணியில் அவன் சட்டைப் பையில் சில்லறையோடு கிடக்கிற போன், ஜிர்ர்ர் என்று சில்லறையையும் சேர்த்து ஆட்டுகிறது. நானே என் பையில் சில்லறையையும் போனையும் போட்டுப் பொண்டாட்டியைக் கூப்பிடச் சொல்லி நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அவளுக்கு என் மேல் இருந்த சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அம்மா போனில் இப்போது பழைய மணிச் சத்தம் வைத்துக் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் கட்டையான மணியாகப் பார்த்து. மூணாவது அடியில் எடுத்துவிடுகிறார். எடுத்ததும் முதல் கேள்வி, “இருமல் இல்லையேப்பா?”

அண்ணன்கிட்டருந்துதான் இன்னும் பதில் இல்லை. நேத்து ராத்திரி போன் போட்டேன். அவர் காலர் ட்யூன் எல்லாம் வைக்கிற ஆள் இல்லை. கொர்ர் கொர்ர்... ரெண்டு நொடி சும்மா... கொர்ர் கொர்ர்... ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. எடுக்க மாட்டேங்கிறார்.